பெட்டியில் கிடந்த கூறை

பாட்டியின் தகரப் பெட்டியிலே ஒரு புடவை. அரக்கு நிறம், கட்டம் போட்டது. பட்டும் பருத்தியும் கலந்து, கூறைநாட்டிலே நெய்தது. அவ்வூர் இன்று மயிலாடுதுறை நகருக்குள் அடங்கிவிட்டது; புடவைக்கு மட்டும் அதன் பெயர் நிலைத்துவிட்டது. பாட்டியின் தாய் தம் மணநாளில் உடுத்தினார். பாட்டி உடுத்தினார். அம்மா உடுத்தவில்லை. ஏன்? பாட்டி இருபத்து நான்கு வயதிலே கணவரை இழந்தார். "அறுத்தவள் கட்டியது ஆகாது" என்று உறவினர் தீர்ப்பளித்தனர். நூல் செய்த குற்றம் என்ன? நெய்தவன் செய்த பிழை என்ன? யாரும் கேட்கவில்லை. அம்மாவின் மணத்தன்று அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது, பாட்டியோ அடுக்களைக்குள்.

இப்போது தங்கைக்குத் திருமணம். சீர்திருத்தத் திருமணம். "பாட்டியின் புடவையைத்தான் உடுத்துவேன்" என்றாள். உறவினர் முகம் சுளித்தனர். அது நாம் எதிர்பார்த்ததே. நம் உறக்கத்தைக் கெடுத்தது தோழர் ஒருவரின் கேள்விதான். "கல்லிலே புனிதமில்லை என்பீர், கந்தலிலே எப்படிக் கண்டீர்? ஆகாது என்பவன் மூடன் என்றால், ஆகும் என்று போற்றுவோன் அறிஞனா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. பழம்பொருள் மீது வைக்கும் பாசம் பரம்பரைப் பெருமையாகி, பரம்பரைப் பெருமை குலப்பெருமையாகிக் கொழுத்த கதை நாட்டிலே ஏராளம். ஆகவே நம்மையே நாம் கேட்டுக்கொண்டோம்: நாளை இப்புடவை எரிந்துபோனால் நமக்கு வருவது அச்சமா, வருத்தமா? தங்கை வாழ்வுக்குக் கேடு வருமோ என்று நெஞ்சம் நடுங்குமானால் நாம் பூசாரிகள். நடுங்கவில்லை. ஆனால் வருந்துவோம், மெய்தான். வருந்துவது மனிதனின் இயல்பு. அதையும் துறந்து பெறுவதற்குப் பெயர் பகுத்தறிவல்ல.

எதற்காக வருந்துவோம்? பட்டுக்காகவா? அல்ல. பாட்டியின் தந்தைக்கு நிலமிருந்தது, வீடிருந்தது. அனைத்தும் ஆண்மக்களுக்குப் போயின. மகளுக்கு வந்தது இப்புடவை ஒன்றுதான்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சமஉரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1989இல். இந்தியா முழுமைக்கும் 2005இல். தமிழ்நாட்டுச் சட்டமும் அதற்கு முன்பே மணமான பெண்களை விலக்கியே வைத்தது. பாட்டி அதற்கு வெகுகாலம் முன்னரே மணமானவர். ஆக, நம் வீட்டுப் பெண்கள் வழிவழியாகப் பெற்ற ஒரே சொத்தின் பத்திரம் இது. அந்தச் சொத்தையும் கைம்மை என்று சொல்லிப் பறித்தனர்.

தோழரிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் அருங்காட்சியகத்தில் வையுங்கள்" என்றார் சிரித்தபடி. (அவர் எதற்கும் உடனே ஒப்புபவரல்லர்.) வைக்கலாம். ஆனால் உடுத்தாதே என்று தடுக்கப்பட்ட ஆடைக்கு உடுத்துவதல்லவா விடை?

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. குழிக்குள் கால் வைத்து, மிதித்து மிதித்து இதை நெய்தவர் யார்? மூன்று தலைமுறை மணப்பெண்களின் பெயர் நமக்குத் தெரியும். அவர் பெயர் தெரியாது. அவர் மகள் மணநாளில் எதை உடுத்தினாளோ!

மணநாளன்று காலை, வழக்கம்போல் அடுக்களைக்குப் போன பாட்டியைத் தங்கை கைபிடித்து அழைத்து வந்தாள். மடிப்பிலே ஓரிடத்தில் இழை விட்டிருந்தது. பாட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அதைத் தைத்தார். பிறகு கொசுவம் மடித்துச் செருகினார். அறையிலிருந்த அத்தை ஒருவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார். பாட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டணும், நீ என்னைவிட உயரம்" என்றார்.