பகைவர் கல்லறை

கண்டித் தலதா மாளிகைக்கு அணித்தாகப் பிரித்தானியப் படையினரின் சிறு இடுகாடொன்று உளது. ஆண்டுத் துயில்வோருட் பலர் இளமையிலேயே காய்ச்சலால் மாண்டவர். வாட்டர்லூப் போரிற் பிழைத்த மக்கிளாஷனும் 1817-இல் அதற்கே இரையானார். அவர்களுட் பெயர்பெற்றவர் சேர் ஜோன் டொயிலி. சிங்களங் கற்று, பிரதானிகளை அரசரினின்றும் பிரித்து, 1815-இற் கண்டி உடன்படிக்கையை வரைந்தவர். 1824-இல் அங்கேயே இறந்தார்.

இத்தகையோர் கல்லறையைப் பேணுதல் முறையோ என்பார் உளர். சாகாமத்தை அடுத்த ஊர்களில் முஸ்லிம் சகோதரர் மீசான் கட்டை நட்டு அமைவர். சைவராகிய யாமோ உடலைச் சுட்டு நீற்றை நீரிற் கரைப்போம். ஆதலின், இடித்தால் என்னை என்று கூறுதல் நமக்கு எளிதே. அஃது அமையாது. உடம்பு, உயிர் தன் வினையை நுகர்தற்பொருட்டு எய்திய கருவி. உயிர் நீங்கியபின் அதன்மேற் பகைகொள்ளுதல் வாளை விடுத்து உறையை வெறுத்தலை ஒக்கும். டொயிலியின் சூழ்ச்சியை யாம் மறைக்கவேண்டா, உரைத்தே தீர்வோம். கல்லை இடித்தாற் சூழ்ச்சி இல்லாததாகுமோ? சான்றொன்று குறையும், அவ்வளவே.

அவ்வுடன்படிக்கையால் முடியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூரிற் சிறையிருந்து 1832-இற் காலமானார். கடல்கடந்து வந்த அம்மன்னரின் சமாதிக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் எழுப்பிப் பேணுகின்றனர் தமிழ்நாட்டார். அதனைப் புகழும் வாயாற் கண்டிக் கல்லறையை இடிக்கச் சொல்லுதல் எங்ஙனம்?