முறுக்கும் இறுக்கமும்

50 மில்லிமீட்டர் நீளமுள்ள எம்6 போல்ட் ஒன்று சரியாக இறுகும்போது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவிசைதான், ஏறக்குறைய 850 கிலோ எடைக்குச் சமமான விசை, ஸ்கூட்டர் எஞ்சினின் இரு பாதிகளையும் எண்ணெய் கசியாமல் சேர்த்துப் பிடிக்கிறது. நீட்சி கண்ணுக்குத் தெரிவதில்லை, இழுவிசை கைக்கு எட்டுவதில்லை. ஆனாலும் இறுக்குபவர் ஒரு கட்டத்தில் "போதும்" என்று நிறுத்தியாக வேண்டும். அந்தப் போதும் எதை ஆதாரமாகக் கொண்டது என்று கேட்டால், பேச்சு பட்டறையிலிருந்து அளவையியலுக்குப் போய்விடுகிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் உண்டு. 1980இல் டிவிஎஸ் 50 வந்த நாள் முதல், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஊர்களில் சிறு எஞ்சின் வண்டி பாதி உழவுக் கருவி. மூட்டை ஏற்றி வரப்பில் ஓட்டப்படும் வண்டியின் எஞ்சின் பலமுறை இறக்கிப் பிரிக்கப்படும். ஒவ்வொரு முறையும் அதே எஃகு போல்ட் அதே அலுமினிய மரையில் ஏறி இறங்குகிறது, தேய்வது அலுமினியம். கடைசியில் மரை வழுக்கிவிடும். அல்லது ஹெட்டில் காற்று கசியும், அல்லது போல்ட் தலை முறிந்து உடல் உள்ளேயே நின்றுவிடும். மூன்றும் ஒரே அறியாமையின் விளைவுகள்: உள்ளே இருக்கும் இழுவிசை எவ்வளவு என்று தெரியாமல் இறுக்கியது.

தெரியாததை அறியும் வழிகளைப் பற்றித் தமிழில் நெடுங்காலமாக வாதம் நடந்திருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து வழிகளை அடுக்குகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, அனுமானம் என இரண்டே போதும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஆறு என்போரையும் அதற்கு மேல் எண்ணுவோரையும் குறிப்பிட்டுவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். நியாயவாதிகளுக்கு நான்கு. சார்வாகர்களுக்குக் கண்டது மட்டுமே. இறைவன், உயிர், மறுபிறப்பு பற்றிய வழக்குகளுக்காகத் தீட்டப்பட்ட கருவிகள் இவை. ஆனால் அவற்றைத் தீட்டியவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் மலைமேல் புகை, மண்குடம், கயிறு, பாம்பு. ஸ்கூட்டரின் கிராங்க் கேஸ் அந்த வரிசையில் கூச்சமின்றி நிற்கலாம்.

முதலில் உரை. எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 22 முதல் 27 என்று தயாரிப்பாளரின் கையேடுகள் சொல்கின்றன. பொருளை அறிந்தவர், பொய் சொல்லக் காரணம் இல்லாதவர் சொல்வதே ஏற்கத்தக்க உரை என்ற விதிக்கு இந்தக் கையேடு நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் வேறு இடத்தில். வேதவாக்கியத்தை அது வரும் இடத்தோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும் என்று மீமாம்சகர்கள் வற்புறுத்தினார்கள். கையேட்டின் எண்ணும் அப்படிப்பட்டதே: புதிய போல்ட், சுத்தமான மரை, சொல்லப்பட்டபடி உலர்ந்தோ எண்ணெயிட்டோ உள்ள பரப்பு. இருபது வருடம் ஓடி, இரண்டு முறை டேப் அடிக்கப்பட்ட மரைக்கு அந்த எண்ணைப் பிடிவாதமாகச் செலுத்தி மரை பிடுங்கிக்கொண்டால், பொய்யானது உரை அல்ல. மூத்த மெக்கானிக்கின் வாக்கும் உரைதான். "உட்கார்ந்த பிறகு இத்தனை சுற்று" என்று அவர் சொல்வதை நாட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. திருப்பும் கோணம் போல்ட்டின் நீட்சியோடு நேரடியாகத் தொடர்புடையது. இன்றைய பல எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்களே கோணக் கணக்கைத்தான் தருகிறார்கள்.

அடுத்து காண்டல். அனுபவப்பட்ட கைக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரோடியது. கை உணர்வது ஸ்பேனரின் முனையில் தான் கொடுக்கும் விசையை மட்டுமே. 10 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு 10 சென்டிமீட்டர் ஸ்பேனரில் ஏறத்தாழ 10 கிலோ அழுத்தம் வேண்டும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 5 கிலோ போதும். சிறிய நம்பர் ஸ்பேனர்கள் குட்டையாகச் செய்யப்படுவது இதனால்தான். காலையில் தெளிவாக இருக்கும் கை சாயங்காலம் சோர்ந்திருக்கும். குறையற்ற காட்சி ஐயமும் திரிபும் நீங்கியதாக இருக்க வேண்டும் என்கிறது சித்தியார். இறுக்கும் கைக்கு இரண்டும் உண்டு.

அதற்காகக் கையைத் தள்ளிவைப்பதும் தவறு. அளவைச் சொல்வதில் கை மோசமான சாட்சி. மாற்றத்தைச் சொல்வதில் அதைவிட நல்ல சாட்சி இல்லை. திருப்பத் திருப்பக் கூடிக்கொண்டே வந்த எதிர்ப்பு சட்டென்று கூடாமல் நின்றால், போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிட்டது அல்லது மரை பெயர்கிறது என்று பொருள். அந்தக் கணத்தில் எந்தக் கருவியும் சத்தம் போடாது, கைக்குத்தான் தெரியும். பௌத்த தர்க்கத்தின் பேராசிரியர் திக்நாகர் காட்சியை, பெயர், இனம் முதலிய கற்பனைகள் ஏறாத அறிவு என்று வரையறுத்தார். "இத்தனை நியூட்டன் மீட்டர்" என்பதும் உணர்வின் மேல் பிறகு ஏற்றப்படுவதே. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய தத்துவ நூலில், கழற்ற வராத ஒரு சிறு திருகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதும் இந்த இடத்தைச் சுற்றித்தான்.

மீதி இருப்பது கருதல், அதாவது டார்க் ரெஞ்ச். வேலையின் நிஜமான சிக்கல் முழுவதும் இங்கேதான். ரெஞ்ச் "டக்" என்று சொன்னதும் இழுவிசையை அளந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது முறுக்குவிசையை மட்டும். கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. சுமார் 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது 10 சதவீதம் அளவுதான். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பதுபோல, முறுக்கைப் பார்த்து இழுவிசையை ஊகிக்கிறார் மெக்கானிக். ரெஞ்ச் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஊகம் ஊகமே.

ஊகம் நிற்பது வியாப்தியின் மேல், பிரியாத உடனிகழ்ச்சியின் மேல். அது ஒரு மறைமுக நிபந்தனையைச் சார்ந்திருந்தால் அதை உபாதி என்பர் நியாயவாதிகள். நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்பது விறகு ஈரமாக இருந்தால்தான் உண்மை. முறுக்குக்கும் இழுவிசைக்கும் நடுவே நிற்கும் உபாதி உராய்வு. உலர்ந்த எம்6 போல்ட்டில் 10 நியூட்டன் மீட்டர் சுமார் 850 கிலோ இழுவிசை தரும். அதே மரையில் எண்ணெய் தடவி அதே 10 கொடுத்தால் இழுவிசை 1,100 கிலோவைத் தாண்டிவிடும், 8.8 தர எம்6 நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 1,200 கிலோ. அலுமினிய மரை அதற்கு முன்பே விட்டுக்கொடுக்கக்கூடும். கையேடு உலர் அளவைச் சொல்லியிருக்க, "மரைக்கு நல்லது" என்று எண்ணெய் விட்டு இறுக்குபவர் அறியாமலே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறுக்குகிறார். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளின் தூசு மரையில் படிந்திருந்தால் உராய்வு ஏறும். ரெஞ்ச் சரியான எண்ணைச் சொல்லும். போல்ட் தளர்வாகவே இருக்கும்.

இதைவிட ஏமாற்றுவது, அடி மூடிய துளை. போல்ட் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலோ, துளையில் பழைய எண்ணெயும் மண்ணும் தங்கியிருந்தாலோ, நுனி அடியில் முட்டி முறுக்கு ஏறிவிடும். ரெஞ்ச் டக் என்கிறது. பாகங்களின் நடுவே பிடி ஏதும் இல்லை. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதை மணிமேகலை ஏதுப் போலிகளில் ஒன்றாக வைக்கிறது. முட்டி நிற்கும் போல்ட்டில் கேட்கும் டக் அந்த வகை.

அப்படியானால் கைக்கணக்கே போதாதா என்ற கேள்வி வரும். உலர்ந்த மரையில் ரெஞ்ச் பிடித்து இறுக்கினாலும், கையுணர்வில் இறுக்கினாலும் இழுவிசை குறியிலிருந்து 35 சதவீதம் வரை விலகக்கூடும் என்பது பொறியியல் கையேடுகளில் காணப்படும் கணக்கு. எண்ணெயிட்டு, அதற்குரிய எண்ணுக்கு ரெஞ்சால் இறுக்கினால் விலகல் 25 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லைதான். ஆனால் ஹெட்டைப் பிடிக்கும் நான்கு நட்டுகளும் ஒரே நிலையில் இருக்கும்போது, ரெஞ்ச் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பிழையைச் செய்கிறது. கை நான்கு விதமாகச் செய்கிறது. ஹெட் கோணுவதும் பேக்கிங் ஊதுவதும் மொத்த இறுக்கம் குறைந்ததால் மட்டும் அல்ல, இறுக்கம் சமமில்லாததாலும்தான். ஆகவே ரெஞ்ச் முதலில், கை காவலாக என்பதே சரியான வரிசை. ரெஞ்சை மட்டும் நம்புவது, கையை மட்டும் நம்புவதைவிடச் சற்றே குறைந்த மூடநம்பிக்கை.

ஊகத்தைச் சரிபார்க்க மற்றொரு வழி பயன். செயலில் ஏமாற்றாத அறிவே மெய்யறிவு என்றார் தர்மகீர்த்தி. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், சூடேறிய எஞ்சினில் ஸ்டட்டின் இழுவிசை கூடிவிடும், ஆறியதும் இறங்கும், பேக்கிங் இதற்கிடையில் அமுங்கியிருக்கும். எனவே பழைய வகை பேக்கிங் உள்ள எஞ்சினை ஒருமுறை ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி சோதிக்க வேண்டும். மரை போன இடத்தில் அடுத்த அளவு போல்ட்டைத் திணிப்பதைவிட ஹெலிகாயில் போடுவது நல்லது. எஃகுச் சுருள் மரை முதல் மரையைவிட அதிகம் தாங்கும். கார், லாரி வேலைக்கு வாங்கும் பெரிய டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது. 10 நியூட்டன் மீட்டர் அதன் வரம்புக்குள் இல்லை. சிறு எஞ்சின் வேலைக்கு 5 முதல் 25 வரை அளக்கும் ரெஞ்ச் தேவை.