வியன்னாவில் தொண்ணூறு நாள்

ஷோன்புருன் அரண்மனை, ஸ்டீபன் பேராலயம், ஓப்பரா மாளிகை என்று ஐந்து நாள் ஓடி ஓடிப் பார்த்த பிறகும் வியன்னா மனதைவிட்டு இறங்கவில்லையா? அடுத்த முறை தங்கிவிட்டு வரப் போங்கள்.

ஷெங்கன் சுற்றுலா விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. வீடு ஊருக்கு நடுவே வேண்டாம். டிராம் ஓடும் தெரு போதும். ஞாயிறன்று கடைகள் அநேகமாக மூடியிருக்கும், பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் வாங்கவே வேண்டாம். ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீர் 1873 முதல் அந்த ஊருக்குக் குழாயில் வருகிறது.

மற்றபடி திட்டம் எதுவும் போடாதீர்கள். தினமும் ஒரே காப்பிக்கடைக்குப் போங்கள். வெள்ளித் தட்டில் காப்பி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், அதன் வாய்மேல் கவிழ்த்த சிறு கரண்டி. ஒரே காப்பியோடு இரண்டு மணி நேரம் பேப்பர் படித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். இந்த ஒரு வழக்கத்துக்காகவே எனக்கு அந்த ஊர் அவ்வளவு பிடிக்கும். மூன்றாவது வாரம், நீங்கள் வாய் திறக்கும் முன்பே பால் நுரை மிதக்கும் மெலாஞ்ச் உங்கள் மேசைக்கு வந்துவிடலாம்.