கடல் கடந்த ஊர்ப்பெயர்கள்

தெற்கு அந்தமானில் திரூர் என்று ஓர் ஊர் உண்டு. மஞ்சேரி, வண்டூர், காலிகட் என்றும் ஊர்கள் உண்டு. பாராட்டாங் தீவின் படகுத்துறைக்கு நிலம்பூர் என்று பெயர். 1921 மலபார் கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்டுக் கப்பலேறிய கேரள முஸ்லிம்களான மாப்பிள்ளைமார், தங்கள் சொந்த ஊர்களின் பெயர்களால் விட்டுச் சென்ற தடம் இது. நிலத்தையும் கிணற்றையும் எவராலும் சுமந்துவர முடியாது. ஊரின் பெயருக்கு எடையில்லை. அதைக் காவலர்களாலும் பறிக்க முடியாது.

அவர்களுக்குப் பின்னும் மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1925இல் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்கு வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் அருகே வேபி என்ற ஊரை அமைத்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் வந்து இறங்க, வடக்கே காளிகாட்டும் துர்காபூரும் எழுந்தன. நீல் தீவிலோ ராம்நகர், சீதாபூர், லக்ஷ்மண்பூர், பரத்பூர். ஊரிழந்து வந்தவர்கள் வனவாசக் கதையின் மாந்தர்களைத் தங்கள் ஊர்களுக்குப் பெயராக்கியதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. நம்மவர் கதையும் இதில் உண்டு. 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்தை விட்டு வந்த தமிழர் சிலருக்குக் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலை கிடைத்தது. 2004இல் கடல் அங்கும் புகுந்தது.

இப்படிச் சுமந்துவந்த பெயரை ஊன்றிய மண், அதற்கு முன் பெயரற்றா கிடந்தது?

திரூர், இந்தத் தீவுகளின் தொல்குடிகளுள் ஒன்றான ஜாரவாக்களின் காட்டோரத்தில் இருக்கிறது. அங்கே குடியேறியவர்கள் அம்புக்கு அஞ்சி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. எய்தவனுக்கு அது தன் ஊர். 1858இல் கைதிகள் குடியிருப்பு வந்தபோது இன்னொரு தொல்குடியான பெரிய அந்தமானியர் பத்துக் குலங்களாக வாழ்ந்தார்கள். நோயும் மோதலும் போக எஞ்சியவர்கள் இன்று சில பத்துப் பேர். அவர்களின் மொழிகளுள் ஒன்றான போவைப் பேசிய கடைசி மனுஷி போவா 2010இல் இறந்தார். தன் மொழியில் மறுமொழி சொல்ல எவருமின்றி அவர் கழித்த ஆண்டுகளை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? அவரோடு போனவற்றில், அந்த மொழி தன் கரைகளுக்கும் ஓடைகளுக்கும் வைத்திருந்த பெயர்களும் உண்டு.

குடியேறியவர்களைக் குற்றஞ்சொல்ல எனக்கு நா எழவில்லை. கைதியும் அகதியும் விரும்பி வந்தவர்கள் அல்லர். ஆயினும் வேரறுந்து வந்தவன் தன் துயரத்துக்கு மருந்தாக ஊன்றிய கால், அவன் அறியாமலேயே இன்னொருவனின் வேரை மிதித்தது என்பதையும், உலகில் நாம் சொந்த ஊர் என்று நெஞ்சுருகச் சொல்லும் இடங்களிலும் நமக்கு முன் யாரோ ஒருவர் அதே உருக்கத்தோடு வேறொரு பெயரைச் சொல்லியிருக்கக்கூடும் என்பதையும், அந்த முன்னவரை நினைவில் வைக்கும் கடன் வாழ வந்தவருக்கு எத்தனை தலைமுறை கழிந்தாலும் தீர்வதில்லை என்பதையும் இந்தச் சின்னஞ்சிறு ஊர்களின் நடுவே நின்றால் உணராமல் இருக்க முடியாது.

தெற்கு அந்தமானின் ஜிர்காடாங்கில் வண்டிகள் வரிசைகட்டிக் காத்திருந்து, காவலோடு ஜாரவாக் காட்டுக்குள் நுழைகின்றன. காடு முடியும் இடத்தில் கடல்; அதன் அக்கரையில் நிலம்பூர். அந்தப் பெயரின் கதையை வண்டியில் யாராவது சொல்லிவிடுவார்கள். வழியில் கடக்கும் ஓடைகளை ஜாரவாக்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்பதில்லை.