இருக்கையும் வானமும்

கோளரங்கத்தின் விளக்குகள் மெல்ல அணைகின்றன. சாய்ந்த இருக்கையில் அமர்ந்து அண்ணாந்து நோக்குகிறோம். குவிமாடம் மறைகிறது, விண்மீன்கள் தோன்றுகின்றன. அவை வெறும் ஒளிப்புள்ளிகள் என்பதை அறிவோம். ஆயினும் நெஞ்சம் ஒரு கணம் வாயடைத்து நிற்கிறது. செயற்கை வானம் எழுப்பும் இவ்வியப்பு மெய்யானதா?

1923-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிக் நகரில், ட்சைஸ் நிறுவனம் உருவாக்கிய முதல் கோளரங்கக் கருவி இயக்கிக் காட்டப்பெற்றது. அரங்கின் நடுவே கருவி; அதனைச் சூழ்ந்து வட்ட வட்டமாக இருக்கைகள். இத்தகைய அமைப்பில் முன்வரிசை என ஒன்றில்லை. ஒருவர் கிழக்கை நோக்கினால், எதிரே அமர்ந்தவர் மேற்கை நோக்குவார். தமக்குப் பின்னே உதிக்கும் மீனைக் காணக் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். அம்முதற்கருவி காட்டியதும் மூனிக்கின் அகலக்கோட்டில் நிற்பவருக்குத் தெரியும் வானத்தை மட்டுமே.

1983-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரக் கோளரங்கில் கணிப்பொறி வானத்தை வரையத் தொடங்கியது. இன்று பல அரங்குகளில் நடுக்கருவி இல்லை. விளிம்பில் அமைந்த பல ஒளிவீழ்த்திகளின் படங்களைக் கணிப்பொறி தையல் தெரியாமல் ஒன்றாக இணைக்கிறது. குவிமாடம் ஒருபுறம் சாய்ந்திருக்க, இருக்கைகள் படிப்படியாய் ஒரே திசையை நோக்குகின்றன. அமர்ந்தவாறே சனிக்கோளின் வளையங்களைக் கடக்கிறோம். நம் விண்மீன் மண்டலத்தையே வெளியே நின்று காண்கிறோம்.

இது பெரும் பேறே, இகழத்தக்கதன்று. படைப்பின் விரிவை நம் முன்னோர் எவரும் இவ்வாறு கண்டதில்லை. எனினும் இதில் ஒரு சோதனையும் உண்டு. மெத்தையில் சாய்ந்து அண்டத்தைச் சுற்றி வந்தவன், தான் அண்டத்தை அறிந்துவிட்டதாக எண்ணக்கூடும். எங்கும் நிறைந்திருத்தல் இறைவனுக்கே உரியது. மனிதனுக்கோ நிற்க ஓர் இடம் வேண்டும். அங்கிருந்தே அவன் காண வேண்டும், அங்கேயே அன்பு செய்ய வேண்டும். இறைமகனும் மனிதரானபோது, நாசரேத்து எனும் ஒரு சிற்றூரின் வானத்தின் கீழ்தான் வளர்ந்தார்.

அப்படியானால் இச்சாயல் வானத்தை என்செய்வது? 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களைப் பற்றி ஒரு தெளிவு தந்தது. உருவத்திற்குச் செலுத்தும் வணக்கம், அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்பதே அது. சாயல் தன்னிடமே நம்மை நிறுத்திக்கொண்டால் அது பொய். தன்னைக் கடந்து மெய்ப்பொருளிடம் அனுப்பினால் அது உண்மை. கோளரங்கிற்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

அதற்கான தேர்வு காட்சி முடிந்து கதவு திறந்த பின்னரே தொடங்குகிறது. தெருவிளக்குகளின் ஒளியில் நகர வானம் மங்கிக் கிடக்கும்; ஆயிரம் மீன்களைக் கண்ட கண்களுக்கு ஐந்தாறு மீன்களே தென்படும். அரங்கில் கண்டதை ஒப்பிட்டு, "இவ்வளவுதானா?" என்று சலித்து நடப்பவன் வேடிக்கை பார்த்தவன். அந்த ஐந்தாறு மீன்களின் கீழ் ஒரு நொடி நின்று, அண்ணாந்து, தன் சிறுமையையும் தன்னை நினைவுகூரும் இறைவனின் பெருமையையும் உணர்பவனோ, உண்மையாகவே வானத்தைக் கண்டவன்.