வேம்பும் அட்சரேகையும்

நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் எங்கும் வராது. ஆனாலும் அதை அகம் என்று ஏற்க நச்சினார்க்கினியர் ஒப்பவில்லை. வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப்பூ. ஆள் தெரிந்துவிட்டதால் அகமாகாது என்றார். இதை இலக்கண வழக்காக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். எனக்கு இதில் ஓர் அறம் இருப்பதாகவே படுகிறது. ஒருவரின் அந்தரங்கத்தைப் பேசலாம். அது யாருடையது என்று காட்டும் உரிமை பேசுகிறவனுக்கு இல்லை.

இன்று அந்த வேம்பு செல்போன் படத்துக்குள் இருக்கிறது. 1995இல் ஜப்பானில் வகுத்த எக்ஸிஃப் முறைப்படி, படக்கோப்பு எடுத்த நேரத்தையும் கருவியின் பெயரையும் சுமக்கிறது; காமிராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையையும். ஜேடர்பாளையம் அணைக்கட்டில் எடுத்த படத்தில் கண்ணுக்குத் தெரிவது காவிரி. கோப்புக்குத் தெரிவது, சில மீட்டர் பிசகில், நின்ற இடம். திணை மருதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். கோப்பு நிறுத்துவதில்லை.

2012 டிசம்பரில் பெலிஸ் போலீசுக்குத் தப்பி ஓடிய ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் பத்திரிகை வெளியிட்டது. உள்ளே இருந்த எண்கள் அவர் கௌதமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. சில நாளில் கைதானார். படம் எடுத்தவர்கள் எதிரிகள் அல்ல, கூட இருந்தவர்கள்.

அவர் பணக்காரர், வக்கீல் வைத்துக்கொண்டார். நான் நினைப்பது சேலம், நாமக்கல் பக்கம் சாதி மாறி மணந்து ஊரைவிட்டுப் போகிறவர்களை. கலித்தொகையில், உடன்போக்கில் போன மகளைத் தேடும் செவிலி வழியில் அந்தணர்களைக் கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள், ஆனால் துரத்தச் சொல்லவில்லை. சந்தனத்தையும் முத்தையும் யாழிசையையும் காட்டி, பிறந்த இடத்துக்கு அவை பயன்படுவதில்லை என்று ஆற்றுகிறார்கள். எவ்வளவு சொல்வது என்ற தேர்வு மனித சாட்சிக்கு உண்டு. கோப்புக்குக் கிடையாது, ஆகவே அது அனுப்புகிறவன் தலையில் விழுகிறது.

24.8.2017 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது முதன்மையாக அரசைப் பார்த்துச் சொன்னது. நண்பரின் புது வீட்டு வாசலைப் படமெடுத்து அனுப்புகிற கையை அது வந்து பிடிக்காது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அந்த எண்கள் உதிர்ந்துவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். என் இருப்பிடத்தை வெளியிடுவது என் இஷ்டம். நண்பருடையது என்னிடம் இருப்பது நம்பிக்கையின் பேரில்.

காமிராவின் இருப்பிட அனுமதியை நிறுத்துவது ஒரு நிமிஷ வேலை. தன்னைக் காத்துக்கொள்ள அந்த எச்சரிக்கை போதும். பிறரைக் காக்க, பெயர் சொல்லக் கூசிய அந்தப் பழைய கூச்சம் வேண்டியிருக்கிறது.