தண்ணீர்க் கணக்கு கேட்பது குற்றமா?

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், செம்பனை நின்ற நிலங்களில் இன்று தரவு மையங்கள் எழும்புகின்றன. 2023 டிசம்பரில் ஒய்.டி.எல். நிறுவனம் என்விடியாவுடன் கூடி அங்கே செயற்கை அறிவு நிலையம் அமைப்பதாக அறிவித்தது. விஞ்ஞானத்தை நாம் வெறுப்பவரல்லோம். ஆயின், அவ்வியந்திரங்களின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் யாருடையது?

“நிபுணர் விஷயத்தில் பாமரருக்கு என்ன வேலை?” என்பார் சிலர். கருவறை வாசலில் நம்மைத் தடுத்தவர் சொன்ன நியாயமும் இதுவேயன்றோ! 1925-இல் சட்டப்படி தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்வெட்டு முறைகளை ஆராய்ந்தது. வெயிலேறுமுன் மரம் வெட்டியவனோ தமிழன். அவன் கைக்கும் அறிவுண்டு.

மாநில அரசு 2024-இல் குழுவொன்றமைத்து, விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை மறுத்தது, நன்று. எத்தனை லிட்டர், எந்த ஆறு, எத்தனை பேருக்கு வேலை என்பதை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதி நகராண்மைக் கழக வாசலில் ஒட்டட்டும்.